பூனைக்குச் சர்க்கரை: மனுசக் கணக்குப் போடாதீர்கள்

கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வளர்க்கும் பூனை திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மறுத்தது. தீனி குறையவில்லை, உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்தது. சர்க்கரை என்றார் கால்நடை மருத்துவர். வீட்டில் யாரும் பதறவில்லை. அப்பத்தாவுக்கே பல வருடமாகச் சர்க்கரை. ஊசி, மருந்து, மெஷின் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறதே! “எனக்குப் போடுறதுல ஒரு துளி அதுக்கும் போட்டாப் போச்சு” என்றார். எங்கள் தவறுகள் எல்லாம் அந்தத் துளியில்தான் தொடங்கின.

முதலில் சிரிஞ்ச். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வலுவில் கிடைக்கும். குப்பியில் வரும் வழக்கமான மனித இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பூனைகளுக்கு அடிக்கடி எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘1’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். நாலு கிலோப் பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது. பல பூனைகளுக்கு வேளைக்கு 1 யூனிட்டில்தான் ஆரம்பிப்பார்கள். விலங்குகளுக்கென்றே வரும் 40 வலு மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் பாதிகூடப் போகாது. எங்கள் பூனையின் கிளார்ஜினுக்குக் கடையில் எடுத்துக் கொடுத்ததே சிவப்பு மூடி. அப்பத்தாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

அடுத்தது, ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுவது. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, பேருந்தில் காரைக்குடிக்குக் கொண்டுபோய், நாய்களுக்கு நடுவே உட்காரவைத்து ரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் 300 காட்டலாம். வீட்டில் காது ஓரத்தில் குத்தி, நாள் முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் குறித்துவைத்த எண்களுக்குத்தான் மதிப்பு. மனிதர்களுக்கான மெஷின் பெரும்பாலும் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு அளவு உடம்பில் நிலைக்கக் குறைந்தது ஐந்தாறு நாளாவது ஆகும். நேற்று 320, இன்றைக்கு அரை யூனிட் கூட்டுவோம் என்று நீங்களாக இறங்காதீர்கள்.

சாப்பாட்டில் எங்களை அசைப்பது கஷ்டமாக இருந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பூனைக்குப் பால்சோறுதான் சீர். பூனைக்கு வேண்டியது மாமிசம். சோறு, பால், இட்லித் துணுக்கு எல்லாம் சர்க்கரையை ஏற்றும். உலர் தீனியிலும் மாவுச்சத்து உண்டு. குழம்பில் கிடந்த கோழியைக் கழுவிப் போடுவதும் ஆகாது, சின்ன வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும். ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே மிஞ்சிவிடும்.

மிஞ்சினால் என்ன ஆகும்? பூனை தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டால் திரும்பாது, முற்றினால் வலிப்பு. சர்க்கரை 60-க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். பூனை சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாலும் நாளை பார்ப்போம் என்று விடாதீர்கள்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி என்பது எங்கள் வீட்டில் சோதனைதான். முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் இறங்கிவிடலாம். ஊசி நேரத்துக்குப் பூனை எந்த வளவில் இருக்கிறதோ! இப்போது மாலை ஐந்தரைக்கே பின்கதவுக்குத் தாழ். பாதி மருந்து ரோமத்தில் சிந்தியதுபோல் தெரிந்தாலும் இன்னொரு ஊசி போடுவதில்லை. சாப்பிட மறுத்தால் முழு அளவைப் போடாமல் முதலில் மருத்துவருக்குப் போன். அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் யோசனைக்கும் இடமில்லை.

சில பூனைகள் தீனி மாறி, சர்க்கரை அடங்கி, சில மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலைக்கு வந்துவிடும். அது தெரியாமல் பழக்கத்தில் குத்திக்கொண்டே இருப்பதும் ஆபத்து என்பதால் எண்களைக் குறிப்பதை நிறுத்தவில்லை. எங்கள் பூனை இன்னும் அங்கே வரவில்லை. அப்பத்தா தன் ஊசியையும் அதன் ஊசியையும் வேறு வேறு டப்பாவில் வைத்திருக்கிறார். பூனை டப்பாவில் ஒரு ஆரஞ்சு நூல்.