ராட்டினக் கணக்குக்கு சைனை விட்டு, மைனஸ் கோசைனைப் பிடியுங்கள்

வகுப்புச் செயல்திட்டத்தில் ராட்டினத்தின் உயரத்தைச் சமன்பாடாக்கும்போது, பெட்டி அடியிலிருந்து கிளம்பினால் நேராக இப்படி எழுதிவிடுங்கள்:

உயரம் = மைய உயரம் − ஆரம் × கோசைன்(ஒரு நொடிக்குச் சுழலும் பாகை × நொடி)

சைனில் தொடங்கினால் 90 பாகை நகர்த்த வேண்டும்; அதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் பாதி நேரம் போகும். 0 பாகையின் கோசைன் 1. முன்னால் கழித்தல் குறி இருப்பதால் தொடக்கத்திலேயே மிகக் குறைந்த உயரம் தானாக வந்துவிடுகிறது.

ஆரம் 20 மீட்டர், மையம் 22 மீட்டர் உயரத்தில், ஒரு சுற்றுக்கு 60 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 6 பாகை. தொடக்கத்தில் 2 மீட்டர், 15ஆவது நொடியில் 22, 30ஆவது நொடியில் உச்சி, 42. பத்தாவது நொடியில் 12 மீட்டர்தான். உச்சிக்குப் போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தும் ஏற்றத்தில் கால் பங்குதான் முடிந்திருக்கிறது. வரைபடம் ஏன் நேர்கோடாக இல்லை என்று கேட்பவருக்கு இதைக் காட்டினால் போதும்.

கால்குலேட்டரில் 60இன் கோசைன் 0.5 வராமல் −0.95 என்று வந்தால் அது ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது, பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்செல் எப்போதும் ரேடியன்தான்.

உச்சியில் தொடங்கினால் கழித்தலுக்குப் பதில் கூட்டல். மைய மட்டத்திலிருந்து மேலே ஏறினால், சரி, அங்கே சைன்தான் சுலபம். ஆட்களை ஏற்ற நின்று நின்று சுற்றும் நேரத்துக்கு இது எதுவுமே பொருந்தாது. வேகம் சீராக இருக்க வேண்டும்.