மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

சூரியத் தகடு போடலாம் என்ற எண்ணம் வந்ததும் பலரும் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: மின்கட்டண ரசீதுகளைப் படிப்பது, மாடியில் நிழல் விழும் இடத்தைக் கவனிப்பது. தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: எத்தனை கிலோவாட்?

நம் மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்து, யூனிட்டுகளைக் கூட்டிச் சராசரி பாருங்கள். இங்கே ஒரு கிலோவாட் தகடுகள் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் வீட்டில் 600 யூனிட் செலவாகிறது என்றால், 2 கிலோவாட் அமைப்பு 480 யூனிட் தந்துவிடும். மீதம் 120தான். அதிலும் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. இந்த வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு? ஏசியோ மின்சார வண்டியோ புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் அளவைக் கூட்டுங்கள்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கே ஆதாயம் அதிகம். மேல் அடுக்கில் ஒரு யூனிட்டின் விலை கூடுதல். சூரிய மின்சாரம் முதலில் கழிப்பது அந்த விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான். 200 யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துபவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இரண்டாம் படி: நிழல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. தகடுகளை வரிசையாக ஒன்றோடொன்று இணைப்பதால், ஒரு தகட்டில் விழும் நிழல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை, டிஷ் ஆன்டெனா என எல்லாமே கணக்கில் வரும். காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி ஆகிய மூன்று வேளையும் மாடிக்குப் போய், நிழலின் எல்லையைச் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். தெற்கில் நிற்கும் எதன் நிழலும் அப்போது நீளமாக வடக்கே விழும். ஆனி மாதத்தில் பார்த்துவிட்டு “நிழலே இல்லை” என்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தகடுகள் தெற்கு நோக்கி, 10 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் போதும், மழைநீரும் தங்காது.

மூன்றாம் படி: விண்ணப்பமும் மானியமும்

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள். மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுத்தொகைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். வங்கிகளில் இதற்கெனக் கடனும் கிடைக்கிறது. தகட்டின் உள்ளிருக்கும் செல் வரை இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம் உண்டு. விலைப்பட்டியலில் அதை எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: பொருத்தும் நாள்

அன்று வீட்டில் இருங்கள். தாங்கு சட்டம் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பா என்று பாருங்கள். 2016இல் வர்தா புயலையும் 2018இல் கஜா புயலையும் பார்த்த ஊர் நம்முடையது. காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கும். தளத்தைத் துளையிட்டால் தட்டோட்டின் வழியே மழைநீர் இறங்கும். எனவே துளையிட்ட இடங்களில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை உங்கள் கண்முன்னே பூசச் சொல்லுங்கள். இடிதாங்கி, தகட்டுச் சட்டம், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனி எர்த் வேண்டும். செலவைக் குறைக்க இதில் கைவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பிறகு மின்வாரியத்தினர் பார்வையிட்டு, இருவழி மீட்டர் பொருத்துவார்கள். பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் தேவையானது கம்பியிலிருந்து வரும், வித்தியாசத்துக்கே கட்டணம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, மின்தடை வந்தால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. மின்தடைக்கும் தீர்வு வேண்டுமென்றால் பேட்டரியுள்ள அமைப்பைக் கேளுங்கள். செலவு கணிசமாகக் கூடும்.

பராமரிப்பு

தூசியும் காக்கை எச்சமும்தான் எதிரிகள். அதிகாலையில் மென்மையான துடைப்பானால் கழுவுங்கள். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழலாம். உப்புநீர் போர்வெல் என்றால், கழுவிய கையோடு துடைத்து எடுக்க வேண்டும். இல்லையேல் வெண்படலம் படியும். இன்வெர்ட்டரின் செயலி அன்றாட உற்பத்தியைக் காட்டும். நேற்றோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தெளிந்த வானம் இருந்தும் பல நாள் குறைந்தே இருந்தால் நிறுவனத்தை அழையுங்கள். இத்திட்டத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு அவர்களின் பொறுப்பு.