சின்ன விமானத்தில் ஓசோன் அளக்கப் போகிறீர்களா?

தரையில் வைத்த கருவி பாதிக் கதையைத்தான் சொல்லும். பெங்களூரில் விடியற்காலையில் ஹெப்பாள் பக்கம் அளந்தால் ஓசோன் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரவெல்லாம் வண்டிகள் கக்கிய நைட்ரிக் ஆக்சைடு தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றில் சிக்கி அதைத் தின்றுவிடுகிறது. ஆனால் சில நூறு மீட்டர் மேலே, நேற்று மதியம் உருவான ஓசோன் மிச்சம் நிற்கும், வெயில் ஏறிக் காற்று கலந்ததும் கீழே இறங்கும். அதைப் பிடிக்கத்தான் விமானம்.

கருவிக்குப் புற ஊதா ஒளிமானி போதும். பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியை ஓசோன் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான் தத்துவம். 1994இல் மொசைக் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் பயணிகள் விமானங்களில் வைத்ததும் இந்த வகைதான். 30 செ.மீ. நீளக் குழாயில் 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) ஓசோன் இருந்தால் பத்தாயிரத்தில் நாலு பங்கு ஒளிதான் குறையும், அதனால் கருவி ஓசோன் நீக்கிய காற்றையும் அளந்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் நுழையும்போது ஈரப்பதம் சட்டென்று மாறி இந்த ஒப்பீடு தடுமாறலாம்; அந்த எண்களைத் தனியே குறித்து வையுங்கள்.

கருவியை விட முக்கியம் காற்று உள்ளே வரும் குழாய். எஞ்சின் புகை எட்டாத இடமாக, இறக்கையில் குழாயின் வாயை வையுங்கள், புகையிலும் நைட்ரிக் ஆக்சைடு உண்டு. டெஃப்ளான் தவிர வேறெதுவும் வேண்டாம். நாங்கள் ஒருமுறை அவசரத்துக்கு ஒரு பித்தளை இணைப்பு போட்டோம், அது ஓசோனைத் தின்று ஒரு நாள் தரவு முழுக்கப் போயிற்று. புதுக் குழாய் என்றால் முதல் நாள் இரவே அதிக ஓசோன் கலந்த காற்றை ஓடவிட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் குழாயே கொஞ்சம் விழுங்கிவிடும்.

விமானத்தில் எதைப் பொருத்தினாலும் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஒப்புதல் வேண்டும். பெங்களூரின் ஜக்கூர் விமானத் திடலிலிருந்து கிளம்பினால் எலஹங்கா விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, எந்த இடத்தில் எந்த உயரத்தில் சுற்றப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், நேராகப் பறக்காமல் சுழன்று ஏறுங்கள், நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் வேண்டாம். கருவிக்கு ஓர் எண் தர 10 வினாடி ஆனால் அதற்குள் 25 மீட்டர்தான் ஏறியிருப்பீர்கள், மெல்லிய அடுக்கும் தெரியும். அதே இடத்தில் சுழன்று இறங்கவும் வேண்டும். ஏறும்போது ஓர் உயரத்திலும் இறங்கும்போது வேறு உயரத்திலும் அதே அடுக்கு வந்தால், குழாயில் காற்று வந்துசேரும் தாமதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த எண்களை வரைந்தால் வரும் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்வரை நேரத்தை நகர்த்திப் பாருங்கள்.