புறவாசலுக்கு வரும் ஆற்றுமீன்: வாங்குமுன் பார்க்க வேண்டியது

இது ஆற்றுமீன் வாங்குகிறவர்களுக்கு. சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். எத்தனை ஆள் வேலைக்கு இருந்தாலும் மீனை நான்தான் ஆய்வேன். அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து பழகிய கைக்கு, மீன் எப்படிச் செத்தது என்பது தெரிந்துவிடும். கொண்டு வந்தவன் வாசலில் ஒரு கதை சொல்லுவான், வயிற்றைக் கீறினால் உள்ளே வேறு கதை இருக்கும்.

திருட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போகாது. அங்கே நாலு பேர் கண்ணில் படும், குத்தகைக்காரர் ஆளே வந்து நிற்பான். அதனால் விடிவதற்கு முன்னால் டூவீலரில் சாக்கோடு மெஸ், ஹோட்டல், பரோட்டா கடை என்று புறவாசல் புறவாசலாக ஏறி இறங்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காரில் வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, “டேம் மீன் இருக்கா?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் ராத்திரி தாமிரபரணி ஆற்றில் வலை விழுகிறது. வாங்க ஆள் இல்லையென்றால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்க எவனுக்கும் தலையெழுத்து இல்லை.

முதலில் நியாயமான மீன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துக் குளங்களுக்கு மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கிற உரிமைக்கு ஏலம், உண்டு. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிப்பார். கட்லா, ரோகு, மிருகால், சாதா கெண்டை எல்லாம் அப்படி விட்டு வளர்த்தவை. விரால், கெளுத்தி, ஜிலேபி தானாகச் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, அறுப்பு முடிந்து தண்ணீர் வற்ற வற்ற மீன் பிடிப்பார்கள். கோடையில் மிச்ச மீனை மொத்தமாக வாரிக் குளம் அழிக்கும்போதுதான் மீன் மலிவாகக் கிடைக்கும். இந்தக் கணக்கு மனசில் இருந்தால் பாதி ஏமாற்று அங்கேயே தெரிந்துவிடும். குளமெல்லாம் நிறைகண்டு கிடக்கிற கார்த்திகையில் ஒருவன் சாக்கு நிறையப் பெரிய மீனைக் கொட்டி “குளத்து மீனுக்கா” என்றால், எந்தக் குளத்தில் இறங்கிப் பிடித்தான்?

அதைத்தான் கேட்க வேண்டும். “எந்தக் குளம்? பாசி யார் எடுத்திருக்கா?” ஊர்க்காரனுக்கு இது தெரியாமல் இருக்காது. நேர்மையானவன் அடுத்த மூச்சில் பெயரைச் சொல்லிவிடுவான், சில பேர் போன் போட்டே கொடுப்பார்கள். மற்றவன், “அதெல்லாம் எதுக்குக்கா, மீனைப் பாருங்க” என்பான். நான் அதோடு கதவைச் சாத்திவிடுவேன். குத்தகைக் குளத்து மீனைக் குத்தகைக்காரருக்குத் தெரியாமல் பிடித்தால் அது திருட்டு, வாங்குகிறவரும் பதில் சொல்ல வேண்டிவரும். அடுத்த கேள்வி, “எதுல பிடிச்சே? எப்போ எடுத்தே?” வலை என்றால் என்ன வலை, எப்போது போட்டு எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பதிலை விட முகத்தைக் கவனியுங்கள்.

இனி மீனைப் பார்க்கலாம். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

விராலில் தொடங்குவோம். விரால் மேலே வந்து காற்றைக் குடித்து வாழ்கிற மீன். ஈரச்சாக்கில் போட்டால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகையால் ஒழுங்காகப் பிடித்த விரால் உயிரோடுதான் வர வேண்டும், தரையில் விட்டால் துள்ளி ஓட வேண்டும். விடியற்காலையில் வருகிற விரால் அத்தனையும் செத்து விறைத்திருந்தால் சும்மா விடாதீர்கள். ராத்திரி முழுக்க வலையில் மாட்டி மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்திருக்கலாம். அல்லது தண்ணீரில் கரண்டு விட்டோ மருந்து கலக்கியோ கொன்றிருக்கலாம்.

செவுள் வலையில் மாட்டிய மீனுக்குச் செவுள் மூடிக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த இடத்தில் செதில் உதிர்ந்து, வழவழப்பு போயிருக்கும். அதுமட்டும் குற்றத்துக்கு அடையாளம் ஆகாது, குத்தகைக்காரரும் அந்த வலைதான் போடுகிறார். ஆனால் விரல் நீளக் குஞ்சுக்கும் அதே கோடு இருந்தால், கண் சின்னதாக உள்ள தங்கூசி (நைலான் நரம்பு) வலையை ஆற்றுக்குக் குறுக்கே கரைக்குக் கரை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தூண்டில் மீன் என்று சொன்னால் உதட்டைப் பிரித்துப் பாருங்கள். முள் குத்திய துளை இருக்கும். சாக்கு நிறையத் தூண்டில் மீன் என்று ஒருவன் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்புங்கள்.

கரண்டு வைத்துப் பிடித்த மீன் வெளியே பார்க்க அழகாகவே இருக்கும். கோடு இருக்காது, செதில் உதிராது, அதனால்தான் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நடுமுள்ளை ஒட்டிப் பிளந்து பாருங்கள். முள்ளோடு சேர்ந்த சதையில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும், சில மீனில் நடுமுள்ளே முறிந்திருக்கும். முதுகு லேசாகக் கோணியிருந்தால் வெளியிலேயே தெரியும். வாங்குமுன் ஒன்றை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வியாபாரம் முடிந்தது.

தோட்டா, அதாவது வெடி, போட்டுப் பிடித்த மீனைக் கையில் எடுத்தாலே தொளதொளவென்று இருக்கும். வயிற்றைத் திறந்தால் காற்றுப்பை கிழிந்து, குடல் சிதறி, உள்ளே ரத்தமாக நிற்கும். குழம்பில் போட்டால் முள் தனி, சதை தனி. கையில் கிடைப்பதை விட அடியில் மூழ்கி வீணாவதுதான் அதிகம், அதனால் நாலு நாள் அந்த மடுப்பக்கம் போக முடியாத நாற்றம்.

எனக்கு மிகவும் பயம் மருந்து மீனைப் பார்த்துத்தான். பிளீச்சிங் பவுடரோ காட்டுக்காயோ எதைக் கலக்கினாலும் அந்தத் துண்டுத் தண்ணீரில் இருக்கிற அத்தனையும் மேலே வந்துவிடும். எனவே சாக்கில் கெண்டையோடு ஆரால், அயிரை, உழுவை, குறவை, இறால், நண்டு எல்லாம் பொடிசும் பெரிசுமாகக் கலந்து கிடக்கும். எந்த வலையும் அப்படி ஒரு கலவையைப் பிடிக்காது. செவுள் வெளிறிப் போயிருக்கும். பிளீச்சிங் என்றால் செவுளை மூக்கருகில் வைத்தாலே தெரிந்துவிடும், நீச்சல் குளத்து வாடை. இதைக் கழுவிச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது மகாசீர். இதற்காகவே திருநெல்வேலியிலிருந்து ஆள் விட்டு வாங்குகிறவர்கள் உண்டு என்பதால் தனியாகச் சொல்கிறேன். நம் பொதிகை மலை ஆறுகளில் உள்ள பெரிய கெண்டை ஜாதி, கூழாங்கல்லும் ஓட்டத் தண்ணீரும் இருந்தால்தான் பிழைக்கும். வளர நாளாகும். காரையாறு, சேர்வலாறு அணைகள் இரண்டும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. முண்டந்துறை 1962-லேயே சரணாலயம், 1988-ல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அங்கே அனுமதி இல்லாமல் மீன் பிடித்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும், புலியைக் கொன்றவன் மேல் வழக்குப் போடுகிற அதே சட்டம். பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் திரண்டு வருகிற மீனை யாரும் தொட மாட்டார்கள். நாலு வளைவு தள்ளிப் பிடித்ததைக் கிலோ விலை பேசி வாங்குவார்கள். இது என்ன பக்தியோ!

விற்கிறவன் மகாசீரைச் ‘சாதா கெண்டை’ என்றோ ‘ரோகு’ என்றோ சொல்லித்தான் தருவான். கண்டுபிடிப்பது சுலபம். மகாசீருக்கும் சாதா கெண்டைக்கும் வாயோரம் நாலு மீசை உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதுகுச் செட்டையைப் பாருங்கள். சாதா கெண்டைக்கு அது முதுகு நீளத்துக்கு ஓடும், மகாசீருக்குக் குட்டையாக நடுவில் நிற்கும். உதடு தடித்திருக்கும். செதில் ஒவ்வொன்றும் பெரிய நாணயம் அளவுக்கு இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் விலாவில் ஓடுகிற கோட்டை ஒட்டிச் செவுளிலிருந்து வால் வரை செதிலை எண்ணுங்கள். மகாசீருக்கு 25-ஐ ஒட்டி நிற்கும், ரோகு, கட்லாவுக்கு 40-ஐத் தாண்டும். எண்ணி முடிப்பதற்குள் கொண்டுவந்தவன் வண்டியைக் கிளப்பிவிடுவான் என்பது வேறு விஷயம்.

சினை மீன் பற்றி இரண்டு வார்த்தை. புதுவெள்ளம் வந்ததும் மீன் எதிரேறும், அணைக்கட்டு அடியில் ஏற முடியாமல் குவியும். அந்த நேரத்தில் கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி என்று எந்த அணைக்கட்டுக்குக் கீழே வலை போட்டாலும் அள்ளலாம். அள்ளுகிறது அத்தனையும் வயிறு நிறைந்த தாய்மீன். விரால் இன்னும் பாவம். செக்கச்செவேலென்று திரண்டு திரிகிற குஞ்சுக்கூட்டத்தின் அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பெரிசைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் முடித்துவிடும். சினை வறுவலுக்குக் கிராக்கி உண்டு, எனக்குத் தெரியும். எங்கள் மெஸ்ஸில் மழைக்காலத்தில் அதைக் கேட்கிறவர்களுக்குச் நெத்திலி வறுத்துக் கொடுக்கிறேன்.

பாலாமை என்கிற ஆமையைச் சாக்கில் ஒளித்துக் கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள். அதற்குத் தண்டனை கடுமை. ஆற்றுக்குக் குறுக்கே கட்டுகிற வலையில் நீர்நாயும் மாட்டிச் சாகிறது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், குழம்புக்கு ஆனது போக மிச்சத்தை இரண்டு வீட்டில் கொடுக்கிற பெரியவரை நான் திருடன் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவர் மீனில் கோடும் இருக்காது, நாற்றமும் இருக்காது, எந்த மடுவில் வீசினேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

சரி, பார்த்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வது?

வாசலில் சண்டை போடாதீர்கள், ராத்திரி ஆற்றங்கரைக்குத் தனியாகப் போய்த் தட்டிக் கேட்கவும் வேண்டாம். தோட்டா வைத்திருக்கிறவனிடம் நியாயம் பேச முடியாது. கட்டியிருக்கிற வலையை நீங்களே அறுக்காதீர்கள், அது சாட்சி. வெடிக்காத தோட்டா கிடந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். வண்டி நம்பர், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். “ஆத்துல வலை போடுதாங்க” என்று சொன்னால் எந்த அதிகாரியும் எழுந்து வரமாட்டார். “அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்குக் கீழே, தெற்குக் கரை, பம்ப்செட்டுக்கு நேரே” என்று சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது என்பது தண்ணீரைப் பொறுத்தது. காட்டுக்குள் என்றால் வனத்துறை, பாபநாசம் செக்போஸ்டில் சொன்னாலே போதும். குளம் என்றால் முதலில் குத்தகைக்காரர். அவரை விட வேகமாக எவரும் வரமாட்டார்கள், அவர் போட்ட பணம் அல்லவா. பிறகு கிராம நிர்வாக அலுவலர். ஆறு என்றால் மீன்வளத்துறை, கூடவே போலீஸ், 100 அல்லது 112.

போலீசிடம் சொல்கிற விதம் ஒன்று உண்டு. மீன் திருட்டு என்றால் சிரிப்பார்கள். தாமிரபரணியிலிருந்து எத்தனை ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். “குடிதண்ணியில மருந்து கலக்குதாங்க” என்று சொல்லுங்கள், அதுதானே நடக்கிறது. கரண்டு என்றால் மின்திருட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், கம்பியில் கொக்கி போட்டிருந்தால் மின்வாரியத்துக்கும் ஒரு போன். 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே வெடி வைப்பதற்கும் விஷம் கலக்குவதற்கும் தடை இருக்கிறது. சட்டம் போட்ட காலத்தில் அபராதம் 200 ரூபாய் வரை, ஜெயில் இரண்டு மாதம் வரை. அதை மட்டும் நம்பியிருந்தால் எவனும் பயப்பட மாட்டான், மின்திருட்டும் வெடிமருந்தும் சேர்ந்தால்தான் கால் நடுங்கும். எதுவும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரசீது இருந்தால் அடுத்த முறை பேசுகிற தொனியே மாறும்.

மெஸ் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. போர்டில் ‘டேம் மீன்’ என்று எழுதாதீர்கள். ‘குளத்து மீன்’ என்று எழுதிப் பக்கத்தில் ஊர் பெயரைப் போடுங்கள். வருகிறவர்கள் ருசியைத்தான் பார்க்கிறார்கள், புளியும் தேங்காயும் சரியாக இருந்தால் குளத்து ஜிலேபியைக் குறை சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. விரால்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்குப் பண்ணை விரால் இருக்கிறது. தொட்டியில் உயிரோடு பார்த்து எடுங்கள். எடுத்த வேகத்தில் தராசில் வைக்க விடாதீர்கள், தலைகீழாகப் பிடித்து வாய்த் தண்ணீரை வடித்து, துணியால் ஒரு துடைப்புத் துடைத்த பிறகு நிறுக்கச் சொல்லுங்கள்.