தக்கையின் கண்ணறைகளை நுண்ணோக்கியில் காணும் முறை

தமிழில் தக்கை என்னும் ஒரே பெயர் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களின் வடிவங்களைச் செதுக்கப் பயன்படும் வெண்ணிற நெட்டி, நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு. புட்டியை அடைக்கும் பழுப்புநிறத் தக்கையோ மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டை. இங்கு நாம் வெட்டிப் பார்க்கப்போவது இரண்டாவதை.

இம்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் தக்கைக் கேம்பியம் என்னும் வளர்படலம் வெளிப்புறமாகக் கண்ணறைகளை, அதாவது செல்களை, வரிசை வரிசையாக உண்டாக்குகிறது. அவற்றின் சுவர்களில் சூபரின் என்னும் நீர் புகாத மெழுகு போன்ற பொருள் படிந்ததும் உயிர்ப்பொருள் மறைந்து, உள்ளே காற்று மட்டுமே எஞ்சுகிறது. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் போர்ச்சுகலில், மரத்திற்குச் சுமார் 25 வயதானபின் முதன்முறையாகப் பட்டையை உரித்து, பிறகு 9 ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் உரிக்கிறார்கள். புட்டித் தக்கைக்கு ஏற்ற சீரான பட்டை மூன்றாம் அறுவடையில்தான் கிடைக்கிறது.

துகள்களைப் பசையால் ஒட்டிச் செய்த தக்கை இச்சோதனைக்கு உதவாது. ஒரே துண்டாகக் குடைந்தெடுத்த புட்டித் தக்கையைத் தேர்ந்தெடுங்கள். அதன் வட்ட முகத்தில் இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் ஆண்டு வளர்ச்சியைக் காட்டுபவை. அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கரும்பழுப்புக் கீற்றுகள், மரம் காற்றை உள்வாங்கும் பட்டைத்துளைகள். ஒரு கீற்றைப் பின்தொடர்ந்து விளிம்புக்குச் செல்லுங்கள். அது வெளிப்படும் பக்கவாட்டில் பட்டைத்துளைகள் புள்ளிகளாகத் தெரியும். அந்த முகத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறி இல்லாமல் வெட்டினால் பார்ப்பது எதுவென்றே விளங்காது; மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

தக்கையைச் சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்து, புதிய சவர பிளேடால், அழுத்தாமல், இழுத்துச் சீவ வேண்டும். சீவல் முழுவதும் மெல்லியதாக அமைய வேண்டியதில்லை. ஒரு ஓரம் ஆப்புபோல் மெலிந்து ஒளி ஊடுருவும்படி இருந்தால் போதும். அதை நேரே நீரில் இட்டால் அறைகளில் அடைபட்ட காற்று கரிய வளையங்களாகத் தெரிந்து, சுவர்களை மறைத்துவிடும். ஆகவே முதலில் ஆல்கஹாலில் சில நிமிடம் நனைத்து, பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கிளிசரினில் கிடத்தி மூடுங்கள். சூடான்-3 சாயம் கிடைத்தால் சூபரின் படிந்த சுவர்கள் செம்மஞ்சள் நிறம் பெறுவதையும் காணலாம்.

குறியிட்ட முகத்திலிருந்து சீவிய துண்டில் தேன்கூடு போன்ற அறுகோணங்கள் தெரியும். வட்ட முகத்துச் சீவலிலோ அதே கண்ணறைகள் செங்கற்சுவர் போல அடுக்கியிருக்கும். அவற்றின் பக்கச் சுவர்கள் பல இடங்களில் நெளிந்திருப்பதை உற்றுக் கவனியுங்கள். ஆண்டுக் கோடு ஓடும் இடத்தில் அறைகள் குட்டையாகவும் சுவர்கள் தடித்தும் இருப்பதால்தான் அந்தக் கோடு வெறுங்கண்ணுக்குக் கருமையாகத் தெரிகிறது.

மெல்லிய சீவல் அமையவில்லை என்றால் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் செய்ததைச் செய்யலாம். 1665-இல் வெளியான தம் நூலில், வெண்மையான தக்கைச் சீவலைக் கரிய தட்டில் வைத்து, வில்லையால் ஒளியைக் குவித்துப் பார்த்ததாக அவர் எழுதியுள்ளார். அந்தச் சிற்றறைகளைக் குறிக்க அவர் ஆண்ட சொல்லே இன்றும் செல் என்று வழங்குகிறது. ஓர் அங்குலத்தின் 18-இல் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகளை எண்ணி, ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்றும் கணக்கிட்டார்.

அந்த எண்ணிக்கையை நீங்களும் சரிபார்க்கலாம். ஒளி ஊடுருவும் அளவுகோலை நுண்ணோக்கியின் மேடையில் வைத்துப் பார்வைப்புலத்தின் விட்டத்தை அளந்துகொண்டு, பிறகு அறுகோணங்களை ஒரே வரிசையில் எண்ணுங்கள். ஹூக்கின் கணக்குப்படி ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 42 வர வேண்டும். வட்ட முகத்துச் சீவலில் பட்டைத்துளைக் கீற்றின் திசையில் எண்ணினால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும், ஏனெனில் கண்ணறைகள் அந்தத் திசையில்தான் நீண்டிருக்கின்றன.