எடைக் குறைப்பு ஆபரேஷன்: முன்னும் பின்னும் செய்யக்கூடாத தவறுகள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் பயம் ஆபரேஷன் தியேட்டரைப் பற்றித்தான். உண்மையில் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பி முறையில், சில மணி நேரத்துக்குள் அது முடிந்துவிடுகிறது. நோயாளி தானே வரவழைத்துக்கொள்ளும் சிக்கல்கள் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கின்றன. முன்னால் டாக்டரிடம் சிலவற்றை மறைப்பது, பின்னால் மாத்திரையையும் பரிசோதனையையும் விட்டுவிடுவது.

அதிகம் மறைக்கப்படுவது புகைப்பழக்கம். ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது சும்மா இல்லை. புகைப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ வகை ஆபரேஷனில், இணைத்த இடத்தில் அல்சரும் வரலாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாக்ளூடைட் போன்ற ஊசி போடுபவர்கள் அதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து: இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உள்ளே இருக்கும் உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம்.

நெஞ்செரிச்சலைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் எந்த ஆபரேஷன் என்பதையே அது மாற்றக்கூடும். ‘ஸ்லீவ்’ என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் ஒடுங்கிய குழாயால் நெஞ்செரிச்சல் கூடலாம். பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளளவுள்ள சிறு பையை அமைத்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம். தெரிந்தவருக்கு ஸ்லீவ் நன்றாக வேலை செய்தது, எனக்கும் அதையே செய்யுங்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய ஓரிரு வாரங்களை ‘கடைசி விருந்து’ காலமாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த நாள்களில் குறைந்த கலோரி உணவைக் கொடுப்பது, கொழுப்பேறிய கல்லீரல் சுருங்குவதற்காக. இரைப்பைக்கு மேலே படுத்திருக்கும் கல்லீரலை ஒதுக்கித்தான் கருவிகள் உள்ளே போக வேண்டும். அது பெருத்திருந்தால் ஆபரேஷனே கடினமாகும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. உணவு படிப்படியாகத்தான்: முதலில் நீர், பிறகு கெட்டியான திரவம், அப்புறம் மசித்தது, மென்மையானது. வழக்கமான உணவுக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரமாகும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஒரு படியைத் தாண்டுவது ஆறாத தையல்மேல் பாரம் ஏற்றுவது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். நாளுக்கு 60 கிராமாவது புரதம் தேவை, தட்டில் முதலில் காலியாக வேண்டியதும் அதுதான். ஐஸ்கிரீம், சிப்ஸ், இனிப்பு பானம் எல்லாம் சிறிய இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும் என்பதால் எடை திரும்ப ஏறுவதற்கு அவை சுலபமான வழி. பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை அதிகமானால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கும் வரும்.

சில அறிகுறிகளை ‘ஆபரேஷன் வலிதான்’ என்று விடக்கூடாது. காய்ச்சல், குறையாத வேகமான நாடித்துடிப்பு, அதிகரிக்கும் வயிற்றுவலி, தோள்வலி எல்லாம் தையல் கசிவாக இருக்கலாம். மூச்சுத்திணறலும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் ரத்தக்கட்டின் அடையாளமாகலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிற்காத வாந்தியும் அவசரம்தான். தயமின் (வைட்டமின் பி1) சத்து தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும்.

பழைய மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது இன்னொரு தவறு. ஆபரேஷன் முடிந்த சில நாள்களிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கலாம். இன்சுலின் அளவைக் குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை வரும். அதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது, அல்சர் வரும். பல் டாக்டரிடம் போனாலும் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின்கள் ஆயுள் முழுக்க. பலர் ஓராண்டு முடிந்ததும், உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். பி12 இருப்பு கல்லீரலில் மெதுவாகத்தான் தீரும், அதனால் குறைபாடு தெரியவே ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூன்றாம், நான்காம் மாதத்தில் முடி கொட்டும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும்.

எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. மதுவும் வேகமாக ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடுதல்.

எடை நேர்கோட்டில் இறங்காது. நடுவில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஓரிரண்டு ஆண்டுகளில் மிகக் குறைந்த எடையைத் தொட்டபின் சில கிலோ ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். வெட்கப்பட்டு மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்தால்தான் பிரச்சினை. உணவைத் திருத்தவும், மருந்து சேர்க்கவும், தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் செய்யவும் வழி இருக்கிறது. ஏறியது சில கிலோவாக இருக்கும்போதே போனால் பெரும்பாலும் உணவுத் திருத்தத்தோடு முடியும்.