வெளிநாட்டில் பல மாதங்கள்: குறைந்த செலவில் சுற்றுவதும் தன்னார்வப் பணி செய்வதும்

வெளிநாட்டில் ஐந்தாறு மாதங்கள் தங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் விமானக் கட்டணத்தில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஆனால் கையிருப்பைக் கரைப்பது ஊர்விட்டு ஊர் மாறும் வேகம். மூன்று நாளுக்கு ஓர் ஊர் என்று நகர்கிறவர் ஒவ்வொரு முறையும் பேருந்துக்கும் ரயிலுக்கும் கொடுக்கிறார், அறைக்கு நாள் வாடகை கொடுக்கிறார், சமைத்துக்கொள்ள வசதியில்லாததால் மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிறார். ஓரிடத்தில் மூன்று வாரம் இருக்கிறவருக்கோ வார வாடகை பேச முடிகிறது, சந்தை எங்கே, எந்த நேரத்தில் விலை இறங்கும் என்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே நாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் தங்கும் நாட்களைக் கூட்டுவதுதான் சிக்கனத்தின் முதல் படி. தன்னார்வப் பணி இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. நாளுக்குச் சில மணி நேர உழைப்புக்கு ஈடாகத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும்போது, செலவின் இரண்டு பெரிய இனங்கள் ஒரே நேரத்தில் நீங்கிவிடுகின்றன.

இத்தகைய ஏற்பாடுகளில் பழையது வூஃப். 1971இல் லண்டனில் சூ கோப்பார்ட் என்ற பெண்மணி, நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் வார இறுதியில் இயற்கை வேளாண் பண்ணைகளுக்குப் போய் உதவட்டும் என்று தொடங்கியது அது. இன்று அது நாட்டுக்கு நாடு தனி அமைப்பாக இயங்குவதால், பெரும்பாலும் எந்த நாட்டுப் பண்ணைக்குப் போகிறோமோ அந்த நாட்டு அமைப்பில் உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும். வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ் போன்ற தளங்களில் பண்ணைகளோடு ஹாஸ்டல் எனப்படும் பயணிகளுக்கான மலிவு விடுதி, வீட்டுக் கட்டுமானம், தோட்டம், மொழிப் பயிற்சி என்று பலவகைப் பணிகள் இருக்கும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குக் குழுவாக இரண்டு மூன்று வாரம் வேலை செய்யும் பணி முகாம்கள் ஏற்றவை. முதல் உலகப் போரில் சிதைந்த, பிரான்சின் வெர்டன் பகுதிக் கிராமம் ஒன்றை மீண்டும் கட்டுவதற்காக 1920இல் சுவிஸ் அமைதிவாதி பியர் செரசோல் கூட்டிய முகாமிலிருந்து பிறந்த சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல், இப்போதும் அத்தகைய முகாம்களை நடத்துகிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை ஒருமுறை நடந்தவர்கள், சிறு பயிற்சி பெற்று, நன்கொடையில் நடக்கும் யாத்திரிகர் விடுதிகளில் இரண்டு வார அளவில் பொறுப்பாளராக இருக்கலாம். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் பெயரால் ஒத்திருந்தாலும் வேறு வகை. அது பெரும்பாலும் தகுதியும் துறை அனுபவமும் உள்ளவர்களை உதவித்தொகை கொடுத்துப் பணியமர்த்துகிறது.

இடம் தேடுவதற்கு முன் விசாவை முடிவு செய்ய வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சம்பளம் வாங்கவில்லை, ஆகவே அது வேலை ஆகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பல நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நியூசிலாந்தில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாகச் செய்யும் பண்ணை உதவி வேலையாகவே கருதப்படுவதால், அதற்கு வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். பிரிட்டனுக்குப் பார்வையாளர் விசாவில் போகிறவர், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றுக்கு மொத்தம் 30 நாட்கள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் அது அவருடைய பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது. வயது வரம்புக்குள் இருப்பவர்கள், தம் நாட்டுக்கும் போகும் நாட்டுக்கும் இடையே விடுமுறையோடு வேலையும் செய்ய அனுமதிக்கும் விசா ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. அந்த விசா கிடைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதியில் நாள் கணக்கில் தவறுகிறவர்கள் அதிகம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 31 வரை தொடர்ந்து தங்கியவருக்கு 90 நாட்கள் தீர்ந்துவிடுகின்றன. அவர் மீண்டும் நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. இடையில் ஒரு வாரம் அண்டை நாட்டுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், கூடுதலாகத் தங்கிய ஒரு நாள்கூடக் கணினியில் தெரியும்.

‘எல்லையில் சுற்றுலா என்று மட்டும் சொல்லுங்கள், பணி பற்றி வாய் திறக்காதீர்கள்’ என்று இடம் கொடுப்பவர் எழுதினால், அந்த இடத்தை அன்றே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருப்பி அனுப்பப்பட்டால் கடவுச்சீட்டு வரலாற்றில் கறை படிவது உங்களுக்கு. பிறகு பல நாடுகளின் விசாப் படிவங்களில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

விசா முடிவானதும் இடம் கொடுப்பவருக்கு எழுதும் கடிதத்தில் அவசரம் காட்டாதீர்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஐந்து பேரின் விவரக் குறிப்பை ஆற அமரப் படித்து ஐந்து தனிக் கடிதங்கள் எழுதுவது பலன் தரும். என்ன செய்யத் தெரியும், என்ன தெரியாது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பதை நேராகச் சொல்லுங்கள். அவர் சம்மதித்த பிறகு கேட்க வேண்டியவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, படுக்கை தனி அறையிலா பொது அறையிலா, ஓய்வு நாளிலும் சாப்பாடு உண்டா, சமைப்பது யார், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு, இணைய வசதி இருக்கிறதா, வேறு தன்னார்வலர்கள் இருப்பார்களா ஆகிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். இதற்கு முன் அங்கே தங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது, புகழ்ச்சியை விட்டுவிட்டு எத்தனை நாள் தங்கினார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு மாதம் என்று போனவர்கள் பலர் ஒரு வாரத்தில் கிளம்பியிருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை.

வாரத்துக்கு 20 முதல் 25 மணி நேரம், இரண்டு நாள் ஓய்வு என்பது பொதுவான வழக்கு. அது நியாயமா என்பதை நீங்களே கணக்கிடலாம். அந்த ஊரில் ஹாஸ்டல் படுக்கைக்கும் எளிய சாப்பாட்டுக்கும் ஒரு நாளைக்கு ஆகும் தொகையை, அந்த நாட்டின் குறைந்தபட்ச மணிநேரக் கூலியால் வகுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரக் கூலிக்குக் கிடைப்பதற்காக ஆறு மணி நேரம் உழைக்கச் சொன்னால், மீதி மூன்று மணி நேரத்தை நீங்கள் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். கற்றுக்கொள்ளும் தொழிலுக்காக மனமறிந்து கொடுப்பதில் தவறில்லை. தெரியாமல் கொடுக்கக் கூடாது.

நான் தங்கிய பண்ணை ஒன்றில் ஐந்து மணி நேரம் என்று வாய்ப்பேச்சாகச் சொன்னது, அறுவடை தொடங்கியதும் எட்டாகிவிட்டது. காலையில் பறித்த பழங்களை மாலையில் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அதுவும் அன்றைய உதவியிலேயே சேர்த்தி என்றார்கள். விரல் நுனிகள் வெடித்து எரிய, ஆறாம் நாள் மூட்டையைக் கட்டினேன். அப்படிக் கிளம்ப முடிந்ததற்குக் காரணம், ஒரு வாரத் தங்கலுக்கும் அடுத்த ஊர்ப் பயணத்துக்கும் வேண்டிய பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருந்ததுதான். அந்த ஒதுக்கீடு இல்லாதவர் தன்னார்வப் பணிக்குப் போகவே கூடாது என்று சொல்வேன். போக்கிடம் இல்லாதவரால் மறுத்துப் பேச முடியாது.

எந்தப் பணியை ஏற்கக் கூடாது என்பதும் முக்கியம். ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களில் சில வாரங்கள் பாடம் சொல்லித் தருவது, விளையாடுவது போன்ற வாய்ப்புகள் நல்லெண்ணம் உள்ளவர்களையே ஈர்க்கின்றன. கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டவர் கொண்டுவரும் பணம்தான் ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளைப் பிரித்து அங்கே சேர்க்கத் தூண்டுதலாகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய முகத்தோடு பாசம் பழகிப் பிரியும் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்த்தால், அங்கே போகாமல் இருப்பதே உதவி என்பது புரியும். பின்னணிச் சரிபார்ப்பு எதுவும் கேட்காமல் குழந்தைகளிடம் அனுமதிக்கிற எந்த நிறுவனத்தையும் நம்பாதீர்கள். புலிக்குட்டியைக் கொஞ்சலாம், யானையைக் குளிப்பாட்டலாம் என்று அழைக்கும் ‘காப்பகங்கள்’ குறித்தும் இதே எச்சரிக்கை வேண்டும்.

உடல்நல ஏற்பாட்டில் காப்பீடு முதலிடம் பெறுகிறது. பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் உடலுழைப்பின்போது ஏற்படும் காயத்துக்கு ஈடு கிடையாது என்ற விலக்கு இருக்கும். ஏணியில் ஏறுவதும் இயந்திர ரம்பத்தைத் தொடுவதும் அதில் அடங்கிவிடலாம். வாங்குவதற்கு முன் அந்தப் பகுதியைப் படித்து, செய்யப்போகும் பணியை எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் பெறுங்கள். மண்ணிலும் ஆணியிலும் புழங்குகிறவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். விலங்குகளோடு பழகும் பணி என்றால் முன்கூட்டியே போடும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய் மேலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும் நாடுகளுக்கு, ஊசி போட்டுப் 10 நாட்கள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும்.

முதுகுப் பை 40 லிட்டருக்கு மேல் தேவைப்படுவதில்லை. குறைந்த கட்டண விமானங்கள் பலவும் கைப்பைக்கு 7 கிலோ என்று வரம்பு வைத்திருப்பதால், அந்த எடைக்குள் அடக்கிவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் பணம் மிஞ்சும். பையைப் போட்டதும் முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, பிறகு தோள் பட்டைகளை இழுங்கள். பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குவது உடனே தெரியும். கனமான பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே பயணம் செய்யலாம். அழுக்கானால் கவலைப்படாத ஒரு முழுக்கை உடுப்பும், கைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ஜோடி வேலைக் கையுறையும் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள். பொதுக் கையுறைகள் பெரும்பாலும் பெரிதாகவோ நனைந்தோ இருக்கும். பவர் பேங்க் 100 வாட்-மணி (Wh) அளவுக்கு உட்பட்டதாக, கைப்பையில் மட்டும் இருக்க வேண்டும்.

ஏடிஎம் இயந்திரமோ கடையின் கார்டு இயந்திரமோ உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றது மாற்று விகிதத்தில் கையைக் கடிக்கும். இரண்டு கார்டுகளை ஒரே பையில் வைக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த முதல் நாளில், தீயணைப்பான் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, இரவில் உடம்பு முடியாமல் போனால் யாரை எழுப்புவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையின் தையல் விளிம்புகளைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்து மூட்டைப்பூச்சி இல்லை என்று உறுதி செய்த பிறகே பையைத் திறங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக, எந்தத் தேதிகளில் என்ன பணி செய்தீர்கள் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை இடம் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த இடத்துக்கு எழுதும்போது அந்தக் கடிதத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பலாம்.